கொட்டகை வேலை ஆளிடம், கணக்கு நம்மிடம்!

மாட்டுக் கொட்டகை போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, 'காண்ட்ராக்ட் விடலாமா, நாமே போட்டுக்கொள்ளலாமா?' என்பதைத்தான். எனக்கு இரண்டிலும் அடிபட்ட அனுபவம் உண்டு.

முதல் கொட்டகையை நானே போட்டேன். தோட்டத்துத் தென்னங்கட்டைகளைக் கால்களாக நட்டு, மேலே தகரம் போட்டேன். கூலி மிச்சம் என்று சந்தோஷம். ஆனால், கால்களை ஒன்றரை அடிக்கு மேல் புதைக்கவில்லை. தகரத்தைக் கட்டுக்கம்பியால் கட்டியதோடு சரி. எங்களுடையது பொள்ளாச்சிப் பகுதி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் ஓர் இரவு நான்கு தகரங்கள் பறந்தன. அன்று கன்றுகளை வெளியே கட்டியிருந்ததால் தப்பின.

அடுத்ததைக் காண்ட்ராக்டுக்கு விட்டேன். இரும்பு வேலையில் குறை சொல்ல முடியாது, இன்றுவரை அசையவில்லை. ஆனால், அவர் கட்டியது குடோன். நீளவாக்கு வடக்கு தெற்காக அமைந்ததால், பிற்பகல் வெயில் முழுவதும் மாடுகள் மேல் விழுந்தது. மூன்று பக்கமும் சுவர் எழுப்பியதால் காற்றோட்டம் இல்லை. தரையை வீட்டுக்குப் பூசுவதுபோல் வழவழப்பாகப் பூசிவிட்டார். அதில் கால் வழுக்கி விழுந்த கறவை மாடு ஒன்று பிறகு எழவே இல்லை. அவர் மேல் தவறு சொல்ல மாட்டேன். அவருக்கு இரும்பு தெரியும், மாடு தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

ஆகவே, கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். எந்த வேலையில் தப்பு நடந்தால் பிறகு திருத்த முடியாது? கால் ஊன்றுவது, வெல்டிங், கூரை மாட்டுவது. இவற்றைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள். இங்கே கூலியைப் பார்க்காதீர்கள். தீவனத் தொட்டி, தடுப்பு, மூத்திர வாய்க்கால், சுற்றிலும் நிழல்மரம் ஆகியவற்றை நாமே செய்யலாம். தப்பினாலும் இடித்துத் திருத்திக்கொள்ளலாம்.

ஆனால், அளவுக் கணக்கை யாரிடமும் விடக் கூடாது. கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். ஒரு கறவை மாட்டுக்குக் கூரையின் கீழ் சுமார் 40 சதுர அடி வேண்டும். பக்கவாட்டு உயரம் 8 அடி, நடுமுகடு 12 அடி இருந்தால் சூடு இறங்காது. தரைக்கு 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் வாட்டம் கொடுங்கள்; சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே கோடு கீறி, சொரசொரப்பாக்கிவிடுங்கள். தரை ஈரமாகவே கிடந்தால் மடிநோய் வரும், குளம்பும் கெடும்.

இவற்றைத் தாளில் எழுதி, காண்ட்ராக்டரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். அதற்கும் முன்பாக, இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, உங்கள் பகுதி கால்நடை மருத்துவரை ஒருமுறை அழைத்துக் காட்டுங்கள். சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்துவிடலாம். கான்கிரீட்டை அப்படி அழிக்க முடியாது.