34 பல்லுக்கு ஒரு வக்காலத்து

நூற்பாலையில் ரிங் பிரேம் பராமரிக்கும் ஃபிட்டர், 30-ஆம் நம்பர் நூலிலிருந்து 40-ஆம் நம்பருக்கு மாற வேண்டுமென்று உத்தரவு வந்தால், சேஞ்ச் பினியனைக் கையிலெடுத்து அதன் பற்களை எண்ணாமல் பொறியில் மாட்டமாட்டார். ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் நூலின் நம்பர் பிசகிவிடும், நம்பர் பிசகினால் துணியின் எடை மாறிவிடும், எடை மாறினால் சரக்கு திரும்பி வந்துவிடும் என்பது அவருக்குப் பாலபாடம். புதிய இயந்திரங்களில் இந்த வித்தை பொத்தானுக்குள் புகுந்துவிட்டதென்றாலும், பல்லை எண்ணித் தொழில் செய்தவர்கள் நம் பக்கத்தில் இன்னும் அநேகர் இருக்கிறார்கள். இப்பேர்ப்பட்ட சீமையிலே, எழுபதாயிரமும் லட்சமும் கொடுத்து ரோடு பைக் வாங்குகிறவர், ஃபிரேமின் நிறத்தையும் எடையையும் பிரேக்கின் ஜாதியையும் சாங்கோபாங்கமாக விசாரித்துவிட்டு, பின்சக்கரத்தில் எத்தனை பல் என்பதை மட்டும் கேளாமலே வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிடுகிறாரே என்பதுதான் எனக்கு நெடுநாளாக உள்ள ஆச்சரியம்.

சமவெளியில் இந்த அசிரத்தை வெளிப்படுவதில்லை. காங்கயம், தாராபுரம், பல்லடம் என்று எந்தத் திசையில் திரும்பினாலும் திருப்பூர்க்காரருக்கு மேடென்று வாய்ப்பவை பெரும்பாலும் மேம்பாலங்களும் பள்ளத்துக் கரைகளுமே. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வந்து, உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளை ஓயாமல் சுழற்றுகின்ற மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ள, காங்கயம் வரையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து சென்ற ஒருவர், அந்த வேகம் முழுவதும் தம் தொடையின் கைங்கரியம் என்று நம்பி, பெடலடியில் இன்னும் இரண்டு பல் கூடுதலாக இருந்தால் தேவலை என்ற முடிவுக்கு வருவது மனித சுபாவம். திரும்பி வரும்போது அதே காற்று எதிரே நின்று வேறு அபிப்பிராயம் சொல்லும். அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மலையடிவாரத்தில்தான் சங்கதி வெளிச்சமாகிறது. சனிக்கிழமைச் சம்பளப் பட்டுவாடா முடிந்து, ஞாயிறு விடியுமுன் அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்ச் சேருகிற நம் ஊர்க் குழுக்களுக்குக் கோத்தகிரிச் சாலையே பழகிய பரீட்சை மண்டபம். கடல்மட்டத்துக்கு 300 மீட்டருக்குச் சற்று மேலே கிடக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்திலுள்ள கோத்தகிரிக்குச் சுமார் 33 கிலோமீட்டர். 100 மீட்டர் போனால் நாலரை மீட்டர் உயர்வு என்று காகிதத்தில் சாதுவாகத் தோன்றும். ஆனால் அடிவாரத்துச் சமதரையையும் நடுநடுவே இளைப்பாறுகிற துண்டுகளையும் கழித்துவிட்டால், மிச்சமுள்ள சாலை அந்தச் சராசரிக்குக் கட்டுப்பட்டதாக இல்லை. வளைவுகளில் 100-க்கு 8 மீட்டர் என்று நிமிர்ந்துவிடுகிறது.

அப்படிப்பட்ட ஒரு வளைவில்தான், ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரைச் சென்ற மாதம் சந்தித்தேன். கைப்பிடியை இரு பக்கமும் முறுக்கிக்கொண்டு, சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகப் பாம்புபோல் நெளிந்து, ஒவ்வொரு மிதிக்கும் உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கி ஏறிவந்தவர், கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். அவர் வயதைப்போல் இரண்டு மடங்கு வயதுள்ள நான், அவசரமில்லாமல் பெடலைச் சுழற்றிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தது அவருக்கு உடம்பு வலியைக் காட்டிலும் பெரிய வலியாக இருந்திருக்க வேண்டும். “பின்னாடி எத்தனை பல்லு?” என்று கேட்டேன், தெரியாது என்றார். அவருடைய பையிலே, துணியில் கோடு போடுகிற முக்கோண சாக்பீஸ் ஒன்று கிடந்தது. பெரிய பல்சக்கரத்தின் ஒரு பல்லில் அதனால் வெள்ளைப் புள்ளி வைத்து, அந்தப் புள்ளி திரும்பி வரும்வரையில் இருவருமாக எண்ணினோம். 28 என்று முடிந்தது. பெடலடியில் பெரியது 52, சிறியது 36.

கணக்கு கடினமன்று. ரோடு பைக்கின் சக்கரம் ஒரு சுற்றுச் சுழன்றால் சுமார் 2.1 மீட்டர் நகரும். முன்னே 36, பின்னே 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 2.7 மீட்டர் போகும். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டு, 100-க்கு 8 மீட்டர் ஏற்றத்தில் நிமிஷத்துக்கு 60 சுற்று மிதிக்க வேண்டுமானால் ஏறக்குறைய 185 வாட் சக்தி வேண்டும். பழகாத கால் அதைச் சில நிமிஷங்கள் கொடுக்கும், ஒன்றரை மணி நேரம் கொடுக்காது. முன்னும் பின்னும் 34 பல்லாக இருந்தால் அதே 60 சுற்றுக்கு 145 வாட் போதும். அந்த 145 வாட்டை மட்டும் வைத்துக்கொண்டு 36-க்கு 28-இல் ஏறப் புகுந்தவருடைய மிதி நிமிஷத்துக்கு 46 சுற்றாக இறங்கிவிடும். சுற்று இறங்க இறங்க ஒவ்வொரு மிதியிலும் விழுகிற அழுத்தம் கூடும், அது போய்ச் சேருகிற இடம் முழங்கால். அந்த இளைஞர் சுவரில் உட்கார்ந்ததற்குக் காரணம் அவருடைய தேகபலக் குறைவன்று. கடையிலே யாரும் எண்ணாமல் விட்ட ஆறு பல்.

இதற்கு எதிர்க்கட்சி ஒன்று உண்டு; அதையும் நியாயமாகக் கேட்க வேண்டும். பின்னே பெரிய பல் போட்டால் பற்களுக்கு இடையேயுள்ள தாவல் அகன்றுபோய், சமவெளியில் காலுக்கு ஒத்த கியர் கிடைக்காமல் திண்டாட நேரும் என்பார்கள். ஷிமானோ கம்பெனியின் 11 வேக கேசட்டுகளில், அதாவது பின்சக்கரப் பல் அடுக்குகளில், 11-28 என்பதன் பற்கள் 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28. 11-34 என்பதன் பற்கள் 11, 13, 15, 17, 19, 21, 23, 25, 27, 30, 34. இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 15 முதல் 25 வரையில், அதாவது நாம் சமவெளியில் அன்றாடம் புழங்குகிற பகுதியில், ஒரு பல்லும் வித்தியாசமில்லை. நாம் இழப்பவை 12-உம் 14-உம். 52 பல்லோடு சேர்ந்து நிமிஷத்துக்கு 90 சுற்று மிதித்தால் 14 பல்லில் 42 கிலோமீட்டர் வேகம், 12 பல்லில் 49. நம்மில் எத்தனை பேர் காற்றின் தயவில்லாமல் அந்த வேகத்தில் குடித்தனம் நடத்துகிறோம்? பந்தயத்துக்குப் போகிறவருக்கு இந்த நஷ்டம் நஷ்டமே. மற்றவருக்கு, வருஷத்தில் நாலு தடவை காங்கயம் சாலையில் நினைவுக்கு வருகிற குறை.

மெய்யான தடை வேறிடத்தில் இருக்கிறது. “முப்பத்துநாலு போட்டா கூட வர்ற பசங்க சிரிப்பானுங்க சார்” என்றார் அந்த இளைஞர். பின்னே சாப்பாட்டுத் தட்டுப்போல் அகன்ற பல்சக்கரம் இருந்தால் அது கிழவருக்கும் நோயாளிக்கும் உரியது என்ற எண்ணம் எப்படியோ பரவியிருக்கிறது.

இந்தச் சிரிப்புக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. பிரான்ஸ் தேசத்தில் சேந்த்-எத்தியேன் என்றொரு ஊர். நமக்குப் பனியன்போல் அவர்களுக்கு ரிப்பன் நெசவு, கூடவே சைக்கிள் தொழில். அவ்வூரில் பட்டு வியாபாரியாக இருந்த பால் தெ விவீ (1853-1930), வியாபாரத்தை விட்டுவிட்டு சைக்கிள் கடை வைத்து, 1887 முதல் ஒரு பத்திரிகையும் நடத்தி, மலையேறுகிறவனுக்கு ஒரே பல் போதாது, சரிவுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வகை வேண்டும் என்று ஆயுள் முழுவதும் எழுதிக்கொண்டே இருந்தார். 1903-இல் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச், பல் மாற்றும் சாதனம் பலவீனருக்கு உரியது என்ற கட்சிக்காரர். 1910-இல் பிரனீஸ் மலைத்தொடரின் மீது வீரர்களை ஏற்றிவிட்டும் அவர் மனம் இளகவில்லை. சக்கரத்தின் இரு புறமும் வெவ்வேறு பல் வைத்துக்கொண்டு, மலையடியில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டுதான் அவர்கள் ஏறினார்கள். பல் மாற்றும் சாதனமான டெரெய்லருக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1937-இல். பட்டு வியாபாரி அதற்கு ஏழு வருஷம் முன்பே காலமாகிவிட்டார்.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் நம்மைவிட விவேகிகள். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகு நாடெங்கும் ஓடிய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளில், பொதுவாக முன்னே 44, பின்னே 18 என்று ஒரே ஒரு கியர்தான். ஒரு மிதிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் போகும். கேரியரில் பனியன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தவர் மேடு கண்டதும் இறங்கித் தள்ளினார். அதில் அவருக்கு யாதொரு மானக்குறைவும் இல்லை. கோத்தகிரிச் சாலைக்குப் பக்கத்து மடிப்பில் ஏறுகிற நீலகிரி ரயிலைத்தான் பாருங்களேன். கல்லாறு வந்ததும், 12 அடிக்கு ஒரு அடி ஏறுகிற அந்தத் தண்டவாளத்தில் பல் பதித்த நடுக்கம்பியைப் பற்றிக்கொண்டு, மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் குன்னூர் போய்ச் சேருகிறது, 1899-இலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே கடைக்காரர்களிடமும் தயாரிப்பாளர்களிடமும் நான் கேட்பது பெரிய வரம் ஒன்றுமில்லை. ஒரு புறம் கோத்தகிரி, மறு புறம் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளோடு வால்பாறை, சற்றே தள்ளி 36 வளைவுகளோடு கல்லட்டி, கிழக்கே 70 வளைவுகளோடு கொல்லிமலை என்று மலைகள் சூழ்ந்த இந்தச் சீமையில் விற்கும் ரோடு பைக்குக்கு, முன்னே 50-34, பின்னே 11-34 என்பதையே சகஜமான அளவாக வைத்து, 28 வேண்டுமென்கிறவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் முன்பக்கத்தைத் தொட வேண்டியதில்லை. 36-க்குப் பின்னே 34 வந்தாலே மிதிக்கு 2.2 மீட்டராகக் குறைந்துவிடும். ஒரே எச்சரிக்கை, பின் டெரெய்லரின் கூண்டு. ஷிமானோ 105 வரிசையில் ஆர்7000 என்பதன் குட்டைக் கூண்டு 30 பல்லோடு நின்றுவிடும். நீண்ட கூண்டுதான் 34 வரை ஏற்கும். இதைப் பாராமல் கேசட்டை மட்டும் வாங்கி வந்து கை பிசைந்தவர்களில் நானும் ஒருவன்.

இளைஞருடைய வண்டியில் நல்ல வேளையாக நீண்ட கூண்டே இருந்தது. அடுத்த வாரம் அவரை நம் ஊர் மெக்கானிக் ஒருவரிடம் அழைத்துப் போனேன். “எந்த மலைக்குங்க?” என்றுதான் அவர் முதலில் கேட்டார், விலையைப் பிறகு சொன்னார். செயின் நீளம் போதாதென்று புதிது அளந்து போட்டு, கழற்றிய 28-ஐப் பனியன் வேஸ்டால் துடைத்து, அதிலேயே சுற்றி இளைஞர் கையில் கொடுத்தார். “ஆடி மாசம் காங்கயம் போறதுக்கு வெச்சுக்கங்க தம்பி.”