மூச்சுக் கருவியை யார் கழற்றலாம்?

ஸ்கூபா டைவிங் பத்தி தா.பழூர்க்காரன் எதுக்குய்யா எழுதுறான்னு சிரிக்காதீங்க. எங்க ஊர்ல இருக்கிற பெரிய தண்ணி கொள்ளிடம்தான், அதுவும் பாதி வருஷம் மணல்தான். ஆனா நம்ம அரியலூர் மாவட்டமே பல கோடி வருஷங்களுக்கு முன்னாடி கடலுக்கு அடியில கிடந்த இடம். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போய் அம்மோனைட்டுகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். அந்த உரிமையில எழுதறேன்னு வெச்சுக்கங்க.

கேள்வி இதுதான். கடலுக்குள்ள மூச்சு விட உதவுற கருவியை, அதை வாயில வெச்சுக்கிட்டு இறங்குறவரே கழற்றி ரிப்பேர் பண்ணலாமா? கூடாதுங்கிறாங்க கருவி தயாரிக்கிற கம்பெனிகள். கேட்ட உடனே நமக்கும் அது நியாயமாத்தான் படும். உயிர் விஷயமாச்சே. நானும் கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன். விஷயம் அவ்வளவு நேரானது இல்லை.

முதல்ல கருவி எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். முதுகுல இருக்கிற சிலிண்டர்ல காற்று சுமார் 200 பார் அழுத்தத்துல இருக்கும். ஒரு கார் டயர்ல 2 பார் சொச்சம்தான். 200 பாரை நேரா வாயில விட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. அதனால ரெகுலேட்டர் அதை ரெண்டு படியில குறைக்குது. சிலிண்டர் வால்வுல மாட்டியிருக்கிற முதல் படி, சுற்றியிருக்கிற தண்ணீரின் அழுத்தத்தை விட 9 அல்லது 10 பார் அதிகமா இருக்கிற அளவுக்குக் கொண்டுவரும். வாயில கடிச்சிருக்கிற ரெண்டாவது படி, நாம மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, அந்த ஆழத்துல இருக்கிற அழுத்தத்துக்குச் சமமா காற்றைக் கொடுக்கும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், அதுக்கேத்த மாதிரி இதுவும் தானாவே மாறிக்கும்.

உள்ளே சிப் கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது. ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன் அல்லது டயாஃப்ரம், வால்வு வந்து உட்கார்ற ஒரு சின்ன சீட், சில ஓ-ரிங்குகள். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல தூங்காம இருந்தவங்களுக்கு இது புரியாத சமாச்சாரம் இல்லை. இன்னொரு சுவாரசியம், இந்தக் கருவியே வேற ஒண்ணுல இருந்து மாத்தி எடுத்ததுதான். போர்க்காலத்துல பெட்ரோல் கிடைக்காம பிரான்ஸ்ல வண்டிகளை எரிவாயுவுல ஓட்டினாங்க. அதுக்காக இருந்த ரெகுலேட்டரை எமில் கன்யான் என்ற இன்ஜினியரும் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் 1943-ல தண்ணிக்கு அடியில மூச்சு விடறதுக்குத் தகுந்த மாதிரி மாத்தினாங்க.

இப்போ நிலைமை என்ன? பல கம்பெனிகள் சர்வீஸ் கிட்டை, அதாவது அந்த ஓ-ரிங்கும் சீட்டும் அடங்கின சின்ன பாக்கெட்டை, தங்கள்கிட்ட பயிற்சி எடுத்த டீலருக்கு மட்டும்தான் கொடுக்கும். சர்வீஸ் மேனுவலும் அப்படியே. சிலர் வாழ்நாள் முழுக்க பாகங்கள் இலவசம்னு சொல்வாங்க, ஆனா வருஷா வருஷம் டீலர்கிட்ட தவறாம சர்வீஸ் பண்ணியிருந்தாத்தான். அந்த ‘வருஷா வருஷம்’ எங்க இருந்து வந்துச்சு? அட்டாமிக் அக்வாட்டிக்ஸ் கம்பெனி ரெண்டு வருஷம் அல்லது 300 டைவ் வரைக்கும் போகலாம்னு சொல்லுது. வேற சில கம்பெனிகள் ஒரு வருஷம்ங்குது. அதே இயற்பியல், அதே மாதிரி ரப்பர். அப்போ அந்த ஒரு வருஷம் முழுக்க முழுக்க ரப்பர் சொன்ன கணக்கு இல்லை, கொஞ்சம் வியாபாரமும் சொன்ன கணக்குன்னுதான் நான் நினைக்கிறேன்.

அதை விட முக்கியமான விஷயம், ரெகுலேட்டர் பெரும்பாலும் எப்படிக் கெட்டுப் போகுதுங்கிறது. முதல் படியில சீட் தேய்ஞ்சா, இடை அழுத்தம் 10 பார்ல நிக்காம மெல்ல மெல்ல ஏறும். ஒரு அளவுக்கு மேல ஏறினதும் ரெண்டாவது படியோட வால்வு அதைத் தாங்காம தானா திறந்துக்கும். அப்படித் திறக்கணும்னுதான் அதை வடிவமைச்சிருக்காங்க. காற்று நிக்காது, நிக்காம கொட்டும். சிலிண்டர் சீக்கிரம் காலியாகும், ஆபத்துதான், ஆனா மூச்சு சட்டுனு அடைபடாது. இந்தக் கோளாறை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு சின்ன பிரஷர் கேஜ் போதும். ரெகுலேட்டர்ல மாட்டி, சிலிண்டரைத் திறந்து, முள்ளைப் பாருங்க. ஒரு இடத்துல டக்குனு நின்னா நல்லது. ஊர்ந்துக்கிட்டே இருந்தா சீட் போச்சு. இதைப் பார்க்க எந்த டீலரோட அனுமதியும் வேண்டாம். இருந்தும் டைவிங் பழகுற பெரும்பாலானவங்களுக்கு இந்தச் சோதனையை யாரும் சொல்லிக் கொடுக்கிறதில்லை. புது சீட் போட்ட பிறகு அது உட்கார்ந்து பழகுற வரைக்கும் இடை அழுத்தம் கொஞ்சம் மாறும், அதனால சர்வீஸ் முடிஞ்சு வந்த கருவியையும் இப்படிப் பார்க்கணும். சர்வீஸ் பண்ணியாச்சுன்னு பில் இருக்கிறதும், கருவி சரியா இருக்கிறதும் ஒண்ணு இல்லை.

எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல வாதம் இருக்கு, அதை ஒதுக்க முடியாது. ஸ்கூபாவுல ரெண்டு பேர் ஜோடியா இறங்குவாங்க. ஒவ்வொருத்தர் ரெகுலேட்டர்லயும் கூடுதலா ஒரு வாய்க்குழல் தொங்கும். அது உங்களுக்கு இல்லை, ஜோடிக்காரருக்குக் காற்று தீர்ந்தா அவர் வாயில வைக்க. ஆக நீங்க உங்க ரூம்ல உட்கார்ந்து யூடியூப் பார்த்து மாட்டின ஓ-ரிங், இன்னொருத்தரோட கடைசி மூச்சுக்கும் பொறுப்பு. ‘என் பொருள், என் உயிர், என் இஷ்டம்’ங்கிற பேச்சு இங்கே நிக்காது. தானே சர்வீஸ் பண்றவர் ஜோடிக்காரர்கிட்ட அதைச் சொல்லணும், அவர் வேண்டாம்னா அதை ஏத்துக்கணும். வாடகைக்கு விடற கருவிக்கு இந்தச் சலுகையே கூடாது.

சிலிண்டர் விஷயத்துல நான் கம்பெனிக்காரங்களை விடக் கடுமையான ஆள். அதைத் தொடவே கூடாது. பழைய 6351 அலுமினியக் கலவையில செஞ்ச சிலிண்டர்கள்ல கழுத்துப் பகுதியில விரிசல் விழுந்து சில வெடிச்சிருக்கு. அமெரிக்காவுல 5 வருஷத்துக்கு ஒரு முறை தண்ணி அழுத்தச் சோதனை கட்டாயம்னு வெச்சிருக்கிறது சும்மா இல்லை. சிலிண்டர் பெரும்பாலும் கடலுக்கு அடியில வெடிக்கிறதில்லை, கரையில காற்று நிரப்பும்போதுதான் வெடிக்கும். அப்போ பக்கத்துல நிக்கிறது சொந்தக்காரர் இல்லை, சம்பளத்துக்கு நிரப்புற பையன்.

இவ்வளவு நேரம் பேசினது பொழுதுபோக்கா டைவ் பண்றவங்களைப் பத்தி. தமிழ்நாட்டுல பிழைப்புக்காக மூச்சை வெச்சுச் சூதாடுறவங்க வேற. தூத்துக்குடியில முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னு போச்சு, ஆனா சங்கு குளிக்கிறது நிக்கலை. முன்னாடி மூச்சை அடக்கி இறங்கினாங்க. இப்போ பலர் படகுல ஒரு கம்ப்ரசரை வெச்சு, நீளமான குழாய் வழியா வர்ற காற்றை வாயில வாங்கிக்கிட்டு இறங்குறாங்க. அந்த கம்ப்ரசர் பல நேரம் மூச்சுக்காற்றுக்குன்னு செஞ்சதே இல்லை. டயருக்குக் காற்றடிக்க, பெயின்ட் ஸ்பிரே பண்ண வாங்குற வகை. அதுக்கு டைவிங் டீலர் கிடையாது, வாரன்ட்டி கிடையாது, வருஷாந்திர சர்வீஸ் கிடையாது. கெட்டுப் போனா படகுல இருக்கிறவங்களே பிரிச்சு மாட்டுவாங்க. ‘தானே ரிப்பேர் பண்ணலாமா?’ன்னு அவங்ககிட்ட யாரும் கேட்கலை. பண்ணித்தான் ஆகணும், அவ்வளவுதான்.

இங்கே கொல்றது ஓ-ரிங் இல்லை. கார்பன் மோனாக்சைடு. கம்ப்ரசர் காற்றை இழுக்கிற வாய் இன்ஜின் புகைக்குப் பக்கத்துல இருந்தாலோ, காற்று திசை மாறி புகை அந்தப் பக்கம் அடிச்சாலோ, கம்ப்ரசர் சூடாகி உள்ளே இருக்கிற ஆயில் கருகினாலோ, வாசனையே இல்லாத அந்த வாயு குழாயில போயிடும். மேல இருக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது. 20 மீட்டர் ஆழத்துல மொத்த அழுத்தம் 3 மடங்கு, அதனால வாயுவோட பகுதி அழுத்தமும் 3 மடங்கு. மேல சும்மா தலைவலி தர்ற அளவு, கீழே ஆளை மயக்கிடும். மூச்சுக்காற்றுக்கான ஐரோப்பியத் தரம் கார்பன் மோனாக்சைடு 10 லட்சத்துல 5 பங்குக்கு மேல போகக் கூடாதுங்குது, ஆயில் ஒரு கனமீட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல கூடாதுங்குது. படகுல இதை அளக்கிறது யாரு? எந்த ஆயில் போடணும், ஃபில்டரை எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்தணும், இழுக்கும் வாயை எவ்வளவு உயரத்துல, எந்தப் பக்கம் வைக்கணும், இதெல்லாம் இங்கிலீஷ் மேனுவல்கள்ல இருக்கு. திரேஸ்புரம் கடற்கரையில அது தமிழ்ல கிடைக்கணுமா இல்லையா?

என் கருத்து இங்கேதான் உறுதியாகுது. மேனுவலைப் பூட்டி வைக்கிறதால ரிப்பேர் நிக்கப் போறதில்லை. தெரியாத ஆள் கையால நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்க ஊர்ப் பக்கம் இது யாருக்கும் புதுசு இல்லை. போர்வெல்ல இறங்கியிருக்கிற சப்மெர்சிபிள் மோட்டாரும் தண்ணிக்கு அடியில வேலை செய்யற, சீல் போட்ட ஒரு கருவிதான். காயில் போனா தூக்கி, காயில் கட்டுற கடைக்குக் கொண்டு போவாங்க, ரெண்டு மூணு நாள்ல திரும்ப இறக்கிடுவாங்க. நடவு நேரத்துல கம்பெனி ஆள் வர்ற வரைக்கும் நாத்து காத்திருக்காது. இன்னைக்கு பிரச்சினை சோலார் பம்புக்கு வருது. அதோட கன்ட்ரோலர் ஒரு மூடின பெட்டி. பிஎம்-குசும் திட்டத்துல 5 வருஷ பராமரிப்பு சப்ளையர் பொறுப்பு. 6-ஆவது வருஷம் அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிஞ்சவர் ஜெயங்கொண்டத்துல இருப்பாரா?

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கு. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில கிடைக்க விடாம தடுத்ததுக்காக 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு (அப்பீல், கோர்ட்டுன்னு அது போனது தனிக்கதை). நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு போட்டு, அந்த வருஷம் டிசம்பர் 24-ல ஒரு இணையதளமும் தொடங்குச்சு. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகச் சாதனம், வாகனம்னு நாலு துறை. டைவிங் கருவி அதுல இல்லை. இருக்கும்னு நானும் எதிர்பார்க்கலை, வாங்குறவங்களே கொஞ்சம் பேர். ஆனா உயிர்காக்கும் கருவிக்கு ரிப்பேர் விவரம் தரக் கூடாதுங்கிற வாதத்தை இப்போ ஒத்துக்கிட்டா, நாளைக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்கும் அதே வாதம் வரும்.

ஆக நான் கேட்கிறது: பாகமும் மேனுவலும் காசு கொடுத்தா யாருக்கும் கிடைக்கணும். கம்பெனி தன் டெக்னீஷியனுக்கு நடத்துற அதே பயிற்சியை, கட்டணம் வாங்கிக்கிட்டு டைவருக்கும் நடத்தட்டும், பாஸானா சான்றிதழ் கொடுக்கட்டும். சிலிண்டரும் வாடகைக் கருவியும் இதுக்கு வெளியே.

நம்ம பங்குக்கு ஒரு வேலை இருக்கு. ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு இந்த வருஷமும் யாராவது தானியங்கித் தெருவிளக்கு பண்ணப் போறீங்கன்னா, கொஞ்சம் நில்லுங்க. படகு கம்ப்ரசருக்கு மறுபடி மறுபடி கழுவி மாத்தக்கூடிய முன் ஃபில்டர், புகையில இருந்து தள்ளி வைக்கிற இழுகுழல், வெப்பம் ஏறினா சத்தம் போடற அலாரம், இதையெல்லாம் நம்ம ஒர்க்‌ஷாப்லயே செய்யலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். ஆர்டுயினோவோட எம்க்யூ-7 சென்சாரை ஒட்டி ‘கார்பன் மோனாக்சைடு டிடெக்டர்’னு போர்டு வைக்காதீங்க. அந்த சென்சார் ஈரத்துலயும் வெப்பத்துலயும் அளவை மாத்திச் சொல்லும், 5 பங்கு மாதிரி சின்ன அளவை நம்பிச் சொல்லாது. அதுக்கு எலெக்ட்ரோகெமிக்கல் செல் வேணும், விலை கூட, குறிப்பிட்ட நாளுக்கு ஒரு தடவை அளவு சரிபார்க்கணும். டிபார்ட்மென்ட்ல பட்ஜெட் கேட்கும்போது முதல் வரியில அதை எழுதுங்க, தமிழ் மேனுவல் அச்சடிக்கிற செலவை ரெண்டாவது வரியில.