எண்ணில்லா இலக்கு

அலைபேசியின் ஆறாம் தலைமுறை 2030ஆம் ஆண்டையொட்டி வந்துவிடும் என்கின்றனர். வரட்டும், வருவதைத் தடுப்பது நம் நோக்கமன்று. ஆனால், அதன் இலக்குகள் யாரை மனத்திற்கொண்டு வகுக்கப்படுகின்றன என்று கேட்கும் உரிமை, கட்டணம் செலுத்தும் ஒவ்வொருவருக்கும் உண்டு. கட்டணம் செலுத்த இயலாதவருக்கோ அவ்வுரிமை இன்னும் மிகுதி.

முந்தைய தலைமுறையின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம். ஐந்தாம் தலைமுறைக்கு அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த இலக்குகளுள் ஒன்று, வினாடிக்கு 20 கிகாபிட் என்னும் உச்ச வேகம். 2019 ஏப்ரலில் தென்கொரியா அச்சேவையைத் தொடங்கியது. அங்குள்ள மூன்று நிறுவனங்களும் அந்த எண்ணையே விளம்பரமாக்கின. மக்களுக்குக் கிடைத்ததோ, 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, சராசரியாக 0.8 கிகாபிட். இது மயக்கும் விளம்பரம் எனக் கண்ட அந்நாட்டு வணிகப் போட்டி ஆணையம், 2023 மே மாதத்தில் மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 3,360 கோடி வோன் தண்டம் விதித்தது.

இந்நிலை ஏன் நேர்ந்தது? அந்த உச்ச வேகத்திற்கு 28 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசை தேவை. அவ்வலைகள் நெடுந்தொலைவு செல்லா. சுவரும் மரமும் அவற்றைத் தடுக்கும். ஆகவே, அடுத்தடுத்து நிலையங்கள் நிறுவ வேண்டும். நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட அளவுக்கு அவற்றை நிறுவவில்லை. அரசு, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் அவ்வலைவரிசைக்கான மூன்று உரிமங்களையும் பறித்தது.

"இன்று மாநகரில் பெருகுவது நாளை சிற்றூருக்கும் வழிந்தோடும்" என்று வாதிடுவோர் உளர். பழைய தலைமுறைகளில் அது ஓரளவு நடந்ததை நாம் மறுக்கவில்லை. எனினும், அடுத்தடுத்து நிலையங்கள் வேண்டும் தொழில்நுட்பம், வீடுகள் நெருங்கிய இடத்தில்தானே இலாபம் காணும்? தாழ்ந்த அலைவரிசையே தொலைதூரம் எட்டும். ஆறாம் தலைமுறைக்கோ, இன்னும் உயர்ந்த அலைகள் ஆராயப்படுகின்றன!

2023இல் அதே ஒன்றியம் ஆறாம் தலைமுறைக்கான வரைவுச் சட்டகத்தை ஏற்றது. 'எங்கும் இணைப்பு' என்பதும் அதில் இடம்பெற்றது, பாராட்டுவோம். ஆயினும், உச்ச வேகத்திற்கு 50, 100, 200 கிகாபிட் என்று எடுத்துக்காட்டு எண்கள் உள்ளன; தாமதத்திற்கு 0.1 முதல் 1 மில்லி வினாடி வரை என எண் உண்டு; சேவை எட்ட வேண்டிய பரப்புக்கோ எண் இல்லை. எண்ணில்லா இலக்கை எவ்வாறு அளப்பது? தவறினால் யாரைத் தண்டிப்பது?

2024இல் உலகில் 260 கோடிப் பேர் இணையத்திற்கு வெளியே இருந்தனர் என்பதும் அதே ஒன்றியத்தின் மதிப்பீடே. அவர்களுள் பெரும்பாலோர் கோபுரங்களின் எல்லைக்குள்ளேயே வாழ்பவர்கள். கருவியின் விலையும், கட்டணமும், பயிற்சியின்மையுமே அவர்களைத் தடுக்கின்றன. நூறு கிகாபிட் வேகம் இவற்றுள் எந்தத் தடையை நீக்கும்?

பரப்பையும் விலையையும் எண்ணால் அளத்தல் இயலாது என்று கூறிவிட முடியாது. தொடக்கநிலை இணையக் கட்டணம், தனிநபர் சராசரி மாத வருவாயில் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் அகன்ற அலைவரிசை ஆணையம் முன்னரே அளவு வகுத்துள்ளது. அத்தகைய எண்களை உரிமங்களின் முதல் நிபந்தனையாக்கி, மீறினால் தண்டமும் விதிக்கட்டும். உச்ச வேகம் அதன்பின் வரட்டும்.