ரேடார் வந்தபின் மழைமானி எதற்கு?

பெரியப்பா மகன் ரெயூனியோன் தீவில் இருக்கிறார். போன வாரம் பேசும்போது, "தம்பி, மழை எங்கே பெய்யுதுன்னு ரேடார் படத்தைப் போன்லயே பார்த்துடறேன். இன்னமும் அங்கங்கே மழைமானியை வெச்சு அளக்கிறாங்களே, வீண் செலவு!" என்றார். அண்ணனை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நம் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்களின் சந்ததி இன்றும் அந்தத் தீவில் உண்டு. நடுவில் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது பித்தோன் தே நேழ் என்ற மலை. பள்ளிக்கூடத்தில் பாதிரியார் பிரம்பை வைத்துச் சுவர்ப் படத்தில் காட்டியது நினைவிருக்கிறது. பனிச் சிகரம் என்று பெயர். பனி விழுவதோ அபூர்வம்!

ரேடார் கதிர் நேராகப் போவது. மலை குறுக்கே நின்றால் பின்னால் இருப்பது தெரியாது. தலைநகர் பக்கம், தீவின் வடக்கே கொலொராதோவில் ஒரு ரேடார் இருந்தும், உள்நாட்டு மேட்டுநிலத்தில் பித்தோன் வில்லேரில் இன்னொன்று வைத்தார்கள். காற்றை அறியவும் இரண்டு கண் நல்லது. டாப்ளர் ரேடார், மழைத்துளி தன்னை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்றுதான் சொல்லும். பக்கவாட்டில் ஓடுவதைச் சொல்லாது. 2002 ஜனவரியில் தீனா புயல் தீவை ஒட்டிக் கடந்தபோது, அதன் காற்றை ஒரே டாப்ளர் ரேடாரின் பதிவை வைத்துக் கணக்கிட்டு ஆராய்ந்தார்கள். கெட்டிக்காரத்தனந்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மழை அளவு? கதிர் தூரம் போகப் போக உயரே போய்விடும். மலைச்சரிவில் ஈரக்காற்று ஏறும்போது தாழ்ந்த மேகத்தில் பெருகும் மழை அதன் கண்ணில் சரியாகப் படாது. 1966 ஜனவரியில் ஃபோக் ஃபோக்கில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. இன்றும் அது உலக சாதனை. அந்தக் கணக்கைச் சொன்னது மழைமானி. ஃபெஞ்சலில் நமக்கு அரை மீட்டரை நெருங்கிப் பெய்ததற்கே வீட்டுக்குள் நாற்காலி மிதந்தது!

ஒரு அலுவலகத்தில் இளநிலை எழுத்தராக இருந்தபோது, தினமும் காலை மழை அளவைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. ஒரு அடைமழை நாளில் அளப்பவர் வரவில்லை. "பக்கத்து ஊர்க் கணக்கையே போட்டுடுப்பா" என்றார் மேலே இருந்தவர். போட்டேன். அன்று பக்கத்து ஊரில் தூறல். எங்கள் ஏரியோ உடைந்தது. நிவாரணக் கோப்பு அந்த எண்ணைக் காட்டித் திரும்பி வந்தது. வந்தவர்கள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ரேடாருக்குச் செலவு செய்யட்டும், இன்னும் இரண்டு வைக்கட்டும். ஆனால் அது காட்டும் மழையைச் சரிபார்க்கக் கீழே ஒரு மழைமானி வேண்டும், அதைக் கவனிக்க ஓர் ஆளும் வேண்டும். மலை நாட்டில் ஒரு சரிவுக்கும் அடுத்த சரிவுக்குமே மழை மாறும். இந்தச் செலவை வீண் என்று சொல்பவர் அண்ணனே ஆனாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதை அவருக்கும் அனுப்பப் போகிறேன். கோபித்துக்கொண்டால் பொங்கலுக்குப் பேசிச் சமாதானம் செய்துகொள்ளலாம்.