முதலில் கோடு போடுங்கள். பிறகு அபராதம் போடுங்கள்!



கடைவீதியில் கடை வைத்திருக்கும் எவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். காலை 11 மணிக்கு குட்டி யானையில் சரக்கு வருகிறது. வீதியில் நிறுத்த இடம் இல்லை. வேறு வழியின்றிக் கடை வாசலிலேயே நிறுத்துகிறார்கள். நான்கு மூட்டை இறக்குவதற்குள் போக்குவரத்துக் காவலர் வண்டி எண்ணைப் படம் பிடித்து விடுகிறார். மாலையில் வண்டிக்காரரின் கைபேசிக்கு அபராதச் செய்தி வருகிறது. அவர் அதை வாடகையில் சேர்க்கிறார். கடைக்காரர் அதைப் பொருளின் விலையில் சேர்க்கிறார். கடைசியில் அபராதம் கட்டுவது யார்? அரை கிலோ பருப்பு வாங்க வந்த ஏழைத் தாய்தான்!

நோ பார்க்கிங் அபராதம் முன்பு 100 ரூபாயாக இருந்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தை 2022 அக்டோபரில் தமிழக அரசு நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அன்று முதல், முதல் முறை 500 ரூபாய். மறுமுறை 1500 ரூபாய். ஒரே வண்டி நான்கு முறை பிடிபட்டால் 5000 ரூபாய். சிறு வியாபாரிக்கு இது சின்னத் தொகையா?

அப்படியானால் அபராதமே கூடாது என்கிறீர்களா என்று சிலர் கேட்கலாம். இல்லை. அப்படிச் சொல்வது நியாயமும் இல்லை.

நம் வாசலை முதலில் பார்ப்போம்

காலை 9 மணிக்குக் கடை திறக்க வரும் முதலாளி தன் பைக்கை வாசலில் நிறுத்துகிறார். இரவு 9 மணிக்குத்தான் எடுக்கிறார். வேலையாட்கள் நால்வரும் அப்படியே. ஒரு பைக் 12 மணி நேரம் அடைத்துக் கொள்ளும் இடத்தில், ஆளுக்கு அரை மணி நேரம் என்று வைத்தால் 24 வாடிக்கையாளர்கள் வந்து போகலாம். ஐந்து பைக்குகளுக்கு 120 பேர்! வாடிக்கையாளர் வருவதில்லை, பெரிய மால்களுக்குப் போய்விடுகிறார்கள் என்று புலம்புகிறோமே, அவர்களின் இடத்தை அடைத்து வைத்திருப்பது யார்?

இன்னும் சிலர் 'எங்கள் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்' என்று பலகை எழுதிப் பொதுச் சாலையில் வைக்கிறார்கள். கல்லைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள். பொதுச் சாலையை இவர்களுக்கு எழுதிக் கொடுத்தது யார்? ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் தெருவில் இரட்டை வரிசையில் வண்டிகளை நிறுத்திவிட்டு உள்ளே போகிறோம். அந்த நேரத்தில் ஒரு பிரசவத்துக்கு ஆட்டோ வந்தால் எந்த வழியாகப் போகும்? பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானில் சேர்ந்தது என்று படித்த நாமே, பாதையில் தொல்லையைப் போட்டுவிட்டுத் தொழப் போவது முறைதானா?

எனவே அபராதம் தேவை. ஆனால் எப்படிப்பட்ட அபராதம் என்பதே கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 117ஆவது பிரிவு, உள்ளாட்சியைக் கலந்து வாகனங்கள் நிற்பதற்கான இடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்குகிறது. எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதையும் தீர்மானிக்கலாம். 122ஆவது பிரிவு, பிறருக்கு ஆபத்தாகவோ இடையூறாகவோ வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது. எனவே பலகை இல்லையே என்று மட்டும் சொல்லித் தப்பிவிட முடியாது. 127ஆவது பிரிவுப்படி தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லலாம். ஆனால் அதற்குச் சீருடையில் இருக்கும் காவல் அதிகாரியின் அனுமதி வேண்டும். இழுவைச் செலவு உரிமையாளர் தலையில்தான்.

அபராதம் போடுகிற பிரிவுகளை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். இடம் ஒதுக்குகிற 117ஆவது பிரிவு மட்டும் ஏன் நம் கடைவீதிகளுக்கு வந்து சேரவில்லை? எத்தனை கடைவீதிகளில் சரக்கு இறக்குவதற்கென்று கோடு போட்ட கட்டம் இருக்கிறது? எத்தனை இடங்களில் நேரம் எழுதிய பலகை இருக்கிறது? மரக்கிளை மறைத்த பலகையும், தேய்ந்து போன கோடும் யாருக்கு வழிகாட்டும்?

லண்டனில் நடப்பது

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நினைக்க வேண்டாம். லண்டன் போய் வந்த நம் ஊர்ச் சகோதரர்களைக் கேளுங்கள். அங்கும் கடைவீதிகளில் அபராதம் உண்டு. நம்மை விடக் கடுமையாகவே உண்டு. ஆனால் சரக்கு இறக்கத் தனிக் கட்டம் உண்டு. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதிய பலகை உண்டு. இங்கிலாந்தின் உள்ளாட்சிகள், அனுமதித்த நேரம் முடிந்து 10 நிமிடம் கழியும் முன் அபராதம் விதிக்கக் கூடாது என்று 2015ல் விதி செய்தார்கள். 14 நாட்களுக்குள் கட்டினால் பாதித் தொகை. மறுப்பவர் முதலில் உள்ளாட்சியிடம் முறையிடலாம். அது நிராகரித்தால் உள்ளாட்சிக்குக் கட்டுப்படாத தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

அந்தப் பணம் எங்கே போகிறது? வாகன நிறுத்தத்தில் மிஞ்சும் பணத்தைச் சாலை, பொதுப் போக்குவரத்து போன்ற குறிப்பிட்ட காரியங்களுக்கே செலவிட வேண்டும் என்று அங்கே 1984ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. லண்டனின் பார்னெட் உள்ளாட்சி 2011ல் குடியிருப்போர் அனுமதிச் சீட்டின் கட்டணத்தை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக உயர்த்தியது. ஒரு குடியிருப்பாளர் வழக்குப் போட்டார். வருமானம் திரட்டுவதற்காகக் கட்டணத்தை உயர்த்த முடியாது என்று 2013ல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு தெருவாசி சட்டத்தைப் படித்தார், உள்ளாட்சி பணிந்தது. இதுதான் நமக்குப் பாடம்.

இளைஞர்களே! நடுரோட்டில் வழக்காடாதீர்கள்

அபராதம் போட்ட காவலரிடம் குரலை உயர்த்தி, கையை நீட்டி, கூட்டம் சேர்த்து வீரம் காட்டும் தம்பிகளைப் பார்க்கிறேன். நியாயம் உங்கள் பக்கமே இருக்கலாம். ஆனால் காவலர் மீது கை பட்டால், 500 ரூபாய் விவகாரம் அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தாக்கிய வழக்காகிவிடும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 132ஆவது பிரிவில் அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை. குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க 1967ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. வளைகுடா விசா கையில் வந்த நேரத்தில், நீதிமன்ற வாசலில் அனுமதிக்குக் காத்து நிற்கும் பிள்ளையின் தாயிடம் யார் பதில் சொல்வது?

இன்னொரு பாதையும் வேண்டாம். 500 ரூபாய்க்குப் பதில் 200 ரூபாயைக் கையில் திணித்துவிட்டு வருவது சாமர்த்தியம் அல்ல. மார்க்கம் மட்டுமா தடுக்கிறது? 2018ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளியே.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: முதலாளியும் வேலையாட்களும் வண்டிகளை வீதிக்கு வெளியே நிறுத்துவதாக வியாபாரிகள் சங்கத்தில் தீர்மானம் போடுங்கள். முதலில் நாம் இடம் விட்டால்தான் கேட்பதற்கு வாய் இருக்கும்.

இரண்டு: தவறு செய்திருந்தால் அபராதத்தைக் கட்டுங்கள், ரசீதை எடுத்து வையுங்கள். செய்யவில்லை என்றால் பலகை, கோடு, வண்டி நின்ற இடம் மூன்றையும் அப்போதே படம் எடுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்ட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை, நீதிமன்றத்தில் மறுக்கலாம்.

மூன்று: தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடுங்கள். எங்கள் வீதியில் வாகனம் நிறுத்தத் தடை விதித்த உத்தரவின் நகல் எது? மூன்று ஆண்டுகளில் வசூலான அபராதம் எவ்வளவு? அது எதற்குச் செலவானது? 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

நான்கு: அந்தப் பதிலை வைத்துக்கொண்டு மாநகராட்சி ஆணையரையும் போக்குவரத்துக் காவல் அதிகாரியையும் சந்தியுங்கள். சரக்கு இறக்க இரண்டு கட்டம், ஒதுக்கிய நேரம், தெளிவான பலகை என்று எழுதிக் கேளுங்கள். நம் சமுதாயக் கடைக்காரர்கள் மட்டும் போகாதீர்கள். அடுத்த கடை அண்ணாச்சியையும் எதிர்க்கடை செட்டியாரையும் முன்னால் நிறுத்திக்கொண்டு போங்கள். வீதியும் அபராதமும் எல்லோருக்கும் பொது.

சகோதரர்களே! அரசிடம் நாம் கேட்பது சலுகை அல்ல. நிற்பதற்கு இடத்தைக் காட்டுங்கள், அதற்கு நேரத்தைச் சொல்லுங்கள், மீறினால் தண்டியுங்கள் என்றுதான் கேட்கிறோம். இடத்தையே காட்டாமல் வாங்கும் பணத்துக்கு அபராதம் என்று பெயர் வைத்தாலும் அது வசூல்தான். அதை எதிர்த்துக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த மனுவை எழுத உட்காரும் முன், நம் கடை வாசலில் காலையிலிருந்து நிற்கும் நம் பைக்கை முதலில் எடுத்துவிடுவோம்!