நிறைமாதக் கவலைகளும் சங்கத்தின் கடமையும்

நூல் விலை, நெசவுக் கூலி, கடன் தவணை, கரும்புப் பாக்கி ஆகியவற்றைப் பற்றியே இப்பக்கங்களில் எழுதிவருவது வழக்கம். பிரசவத்தைப் பற்றி எழுதக் கூட்டுறவு இன்ஸ்பெக்டருக்கு என்ன வந்தது என்று அங்கத்தினர்கள் சிலர் கேட்கக்கூடும். நமது சரகத்திலுள்ள ஒரு சங்கத்தில் நிகழ்ந்ததை முதலில் சொல்லிவிட்டால் காரணம் தானே விளங்கும்.

இன்ன சங்கம், இன்னார் என்று குறிப்பிடப் போவதில்லை. நெசவாள அங்கத்தினர் ஒருவர் ஒரு சனிக்கிழமையன்று காரியதரிசியிடம் வந்து, தம் பெயரில் சேர்ந்துள்ள சேமிப்பின் பேரில் மூவாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டார். மனைவிக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடப்பதாகவும், இரண்டு நாட்களாகத் தலைவலி என்றும், முகம் அதைத்துக் கண் மங்குகிறதென்றும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்றும் கூறினார். நிர்வாகக் குழு செவ்வாய்க்கிழமை கூடுகிறது, தீர்மானம் ஆனதும் பணம் தரலாம் என்று காரியதரிசி பதில் சொன்னார். அவரைக் கல்நெஞ்சர் என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். அதற்கு முந்தைய தணிக்கையில், தீர்மானமின்றி வழங்கப்பட்ட முன்பணம் ஒன்றுக்கு ஆட்சேபணைக் குறிப்பு எழுதப்பட்டிருந்தது. எழுதியவர்கள் நாமே. இன்னொரு குறிப்பு வந்துவிடக் கூடாதே என்ற அச்சம் அவருக்கு. அங்கத்தினர் வீடு திரும்பினார். திங்கட்கிழமை விடியற்காலையில் அந்த அம்மாளுக்கு வலிப்புக் கண்டது. தாய் பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடிவரும் 108 வண்டிக்கும் வாடகை இல்லை. அப்படியிருந்தும் அவர் ஏன் பணத்திற்குக் காத்திருந்தார்? துணைக்கு வருவோரின் சாப்பாடு, திரும்பி வரும் வண்டிச் சத்தம், தறி நின்றுபோகும் நாட்களின் கூலி நஷ்டம், இவற்றிற்கெல்லாம் மேலாக, மடியில் ஒன்றுமில்லாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதா என்ற கூச்சம். வைத்தியத்தின் விலையை விட வைத்தியத்தைச் சுற்றியுள்ள செலவே ஏழைக் குடும்பத்தை அதிகமாகத் தடுத்து நிறுத்துகிறது.

அந்த அம்மாளுக்கு வந்ததை முன்னோர் பிரசவ ஜன்னி என்றனர். பேய் பிடித்துவிட்டதென்று வேப்பிலை அடித்த வீடுகளும் உண்டு. கர்ப்பம் இருபது வாரங்களைக் கடந்தபின் சிலருக்கு இரத்த அழுத்தம் உயர்கிறது. சிறுநீரில் புரதம் இறங்குகிறது. அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவைத் தொட்டாலே வைத்தியர் கவனிக்க வேண்டும். 160-க்கு 110 ஆகிவிட்டால் சற்றும் தாமதிக்கலாகாது. வலிப்பு வருமுன் கொடுத்தால் அதைத் தடுக்கும் மருந்து ஒன்றுண்டு. மெக்னீஷியம் சல்பேட் என்பது அதன் பெயர். 33 நாடுகளில் ஏறக்குறைய 10,000 தாய்மார்களிடம் நடத்தப்பட்டு 2002-ஆம் ஆண்டில் வெளியான பரிசோதனையில், அது வலிப்பின் வாய்ப்பைப் பாதியாகக் குறைப்பது தெரியவந்தது. விலையும் மலிவு. ஆனால் மருந்து ஆஸ்பத்திரி அலமாரியிலும் கர்ப்பிணி தறிப் பக்கத்திலும் இருந்தால் பயன் ஏது?

இந்த இடத்தில் சில புள்ளிகளை அங்கத்தினர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே நடக்கின்றன. 2018-20-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு இங்கே 54 தாய்மார்கள் மரித்தனர். பாரத நாடு முழுமைக்கும் அது 97. நாம் பெருமைப்படலாம். எனினும் அதே கணக்கில் அண்டை நாடாகிய கேரளத்தின் எண்ணிக்கை 19 தான் என்பதையும் பார்க்கவேண்டும். எல்லோரும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள். எந்த நேரத்தில் போய்ச் சேருகிறார்கள் என்பதே இனிக் கேட்கவேண்டிய கேள்வி. தேடியஸ், மெய்ன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1994-இல் தாமதங்களை மூன்றாகப் பிரித்தனர்: வீட்டில் முடிவு செய்வதில் தாமதம், வழியில் தாமதம், ஆஸ்பத்திரிக்குள் தாமதம். பின்னிரண்டையும் சர்க்காரும் வைத்தியர்களும் கவனிக்கட்டும். முதலாவது நம்முடையது. அதில் கணவன், மாமியார், மேஸ்திரி, சங்கக் காரியதரிசி, தணிக்கை செய்யும் நாம் ஆகிய எல்லோருக்கும் பங்குண்டு.

நிறைமாதத்தில் வீடுகளில் பேசப்படும் கவலைகளைக் கவனித்தால், பயப்பட வேண்டாதவற்றிற்குப் பயமும், பயப்பட வேண்டியவற்றில் அலட்சியமும் கலந்திருக்கக் காண்கிறோம். ஸ்கேன் பார்த்ததில் கொடி கழுத்தில் சுற்றியிருக்கிறதாம் என்று ஒரு குடும்பமே சோறு தண்ணீர் இறங்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். பிறக்கும் குழந்தைகளில் நாலில் ஒன்று போல அப்படித்தான் பிறக்கின்றன. பெரும்பாலும் ஒரு கெடுதலும் நேர்வதில்லை. பிள்ளையின் தலை திரும்பாதிருப்பது எட்டாம் மாதத்தில் சகஜம். நிறைமாதத்திலும் அப்படியே இருப்பவை நூற்றில் மூன்று நான்கே. இடுப்பு வலி விட்டு விட்டு வந்தால் சூட்டு வலியா, நிஜ வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். கஷாயத்தைக் குடிப்பதில் குற்றமில்லை. அதன் தீர்ப்புக்காக விடியும்வரை காத்திருப்பதே தவறு. நாள் நிறைவதற்கு மூன்று வாரத்திற்கும் முன்பாகவே வலி கண்டால், கஷாயத்தின் தீர்ப்பு எதுவானாலும் புறப்பட்டுவிட வேண்டும்.

இரத்தம் சிறிதளவு பட்டாலும், வலியே இல்லாமல் பட்டாலும், அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். நஞ்சு கீழிறங்கியிருந்தால் அப்படித்தான் வலியின்றிப் போகும். பனிக்குடம் உடைந்து நீர் போவது, காய்ச்சல், ஓயாத தலைவலி, வலப்பக்க விலாவின் கீழ் வலி, படுத்திருந்தும் மூச்சு இரைப்பது ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. பிள்ளையின் அசைவு குறைந்தால், அது களைத்துத் தூங்குகிறது, இடம் நெருங்கிவிட்டது என்று சமாதானம் சொல்கிறார்கள். நிறைமாதத்தில் அசைவின் விதம் மாறலாமே தவிர, குறையக் கூடாது. விசைத்தறிக் கொட்டகையின் இரைச்சலிலும் வேலை வேகத்திலும் தாய்க்கு அது புலப்படுவதே இல்லை. தினந்தோறும் சாப்பாட்டுக்குப் பின் சற்று நேரம் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக் கவனிக்க அவளுக்கு அவகாசம் வேண்டும். வழக்கத்தில் குறைவு தெரிந்தால் மறுநாள் வரை வைத்திருக்கலாகாது. எட்டாம் மாதம் முதல் மல்லாந்து உறங்குவதைத் தவிர்க்க வேண்டும் என்றும் வைத்தியர்கள் சொல்லுகின்றனர்.

வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்ற பயத்தையும் சொல்லிவிடுவோம். ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போகாதவர்களில் பலர் மனத்தில் இதுவே இருக்கிறது. ஆதாரமற்ற பயம் என்று தள்ளவும் நமக்கு மனமில்லை. மேற்சொன்ன ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 ஆபரேஷன் மூலம் நடந்தவை. தனியார் ஆஸ்பத்திரிகளில் இன்னும் அதிகம். இவ்வளவும் அவசியந்தானா என்று கேட்பதற்குப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. காரணம் என்ன என்று வைத்தியரை மரியாதையாகக் கேளுங்கள். சொல்லக் கடமைப்பட்டவர் அவர். அதற்காக இரத்தப் போக்குடன் வீட்டிலே உட்கார்ந்திருப்பது கத்திக்குப் பயந்து கிணற்றில் குதிப்பதாகும்.

இனி நம் தொழிலுக்கு வருவோம். அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை, ஆர்.கே.பேட்டைப் பகுதிகளில் பெண் கை படாமல் எந்தத் துணியும் தறியிலிருந்து இறங்குவதில்லை. குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவளுக்கு, நெய்த துணி சுற்றிக்கொள்ளும் படைமரம் வயிற்றுக்கு நேரே இருக்கிறது. ஏழாம் மாதத்திலேயே அது இடிக்கத் தொடங்கும். ஆகவே அவளைத் தார் சுற்ற உட்கார்த்தி வைக்கிறார்கள். அதற்குக் கூலி குறைவு, உட்காரும் நேரமோ அதிகம். கால் தொங்கியபடியோ மடங்கியபடியோ நாளெல்லாம் இருப்பதால் வீக்கம் காண்கிறது. அது தறியினால் வந்த வீக்கமா, அழுத்தத்தினால் வந்ததா என்று இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தாலன்றித் தெரியாது. கடலை பறிக்கவும், கரும்புக்குச் சோலை உரிக்கவும் போகும் விவசாயக் குடும்பத்துப் பெண்களின் நிலையும் இதைவிட மேலானதல்ல. இதோடு இரத்த சோகையும் சேர்கிறது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் சோகையுடையவர்கள். பிரசவத்தின்போது மற்றவள் தாங்கும் இரத்த இழப்பை அவள் தாங்கமாட்டாள். செவிலியர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை பரணில் கிடக்கிறதா என்று கணவன்மார்கள் ஒரு முறை எட்டிப் பார்க்கட்டும்.

1961-ஆம் வருஷத்துப் பிரசவ கால நலச் சட்டமும், லீவை 26 வாரமாக்கிய 2017-ஆம் வருஷத் திருத்தமும் ஆலையிலும் ஆபீசிலும் உள்ள சகோதரிகளுக்கே பயன்பட்டன. வீட்டுத் தறியில் நெய்பவளுக்கு எந்த முதலாளி லீவு கொடுப்பார்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் சர்க்கார் வழங்கும் மகப்பேறு உதவி 2018 முதல் ரூ.18,000. அதில் ரூ.14,000 ரொக்கம், எஞ்சியது ஊட்டச்சத்துப் பெட்டகம். நல்ல உதவி, தவணை தவணையாக வருவது. சனிக்கிழமை மாலை வந்த தலைவலிக்கு அது ஈடுகொடுக்காது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது கிராமத்தில் சங்கம் ஒன்றுதான்.

ராச்டேலில் 28 பேர் சேர்ந்து கடை திறந்தது 1844-ஆம் ஆண்டு டிசம்பரில். அவர்களுள் நெசவாளர் பலர். அதே ஆண்டில்தான், இன்று எழும்பூரில் உள்ள மகப்பேறு மருத்துவமனை சென்னையில் தொடங்கப்பட்டது. தற்செயல்தான், எனினும் எண்ணிப் பார்க்க இன்பமாயிருக்கிறது. நமது ஜில்லாவிலேயே உள்ள திரூரில் 1904-இல் கடன் சங்கம் கண்டவர்கள், வட்டிக்காரர் வாசலில் நிற்கும் அவசரத்தை ஒழிக்கவே அதைக் கண்டனர். பிரசவத்தை விடப் பெரிய அவசரம் குடும்பத்திற்கு எது?

ஆகவே நமது யோசனை இது. ஒவ்வொரு சங்கமும் அடுத்த பேரவையில் ஒரு சிறு நிதியை ஒதுக்கி, ஏழு மாதம் ஆன கர்ப்பிணியின் குடும்பம் கேட்டவுடன், குறிப்பிட்ட வரம்புக்குள், தலைவரும் காரியதரிசியும் கையெழுத்திட்டே முன்பணம் வழங்கலாம் என்றும், குழு அதைப் பின்னர் அங்கீகரித்துக்கொள்ளும் என்றும் துணைவிதியில் இடம் செய்துகொள்ள வேண்டும். பணம் கையிலிருந்தால் புறப்படும் முடிவும் முன்கூட்டியே ஆகிவிடும். இன்னின்ன குறி கண்டால் யாரையும் கேட்காமல் கிளம்பலாம் என்று மாமியாரும் மருமகளும் ஏழாம் மாதத்திலேயே பேசி வைத்துக்கொள்ளட்டும். இரத்தம் கொடுக்கச் சம்மதிக்கும் அங்கத்தினர்களின் பெயரையும் இரத்த வகையையும் எழுதிச் சங்கக் கட்டடத்தில் மாட்டி வைப்பதற்குக் காசு செலவில்லை.

எல்லையோரமாகிய நமக்கென்று ஒரு சங்கடமும் உண்டு. 1960-இல் திருத்தணி வட்டாரம் சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது கோடு நகர்ந்ததே தவிர, கொள்வினை கொடுப்பினை நகரவில்லை. நகரி, புத்தூர்ப் பக்கத்துப் பெண் இங்கே வாழ்க்கைப்படுகிறாள். வளைகாப்பு ஆனதும் தலைச்சன் பிரசவத்திற்குத் தாய்வீடு போகிறாள். அபாயம் மிகுந்த அந்த மாதங்களில்தான் அவளை அதுவரை பார்த்துவந்த செவிலியர் மாறுகிறார். தாய்வீடு போகுமுன் இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிக்கொண்டு, பதிவெண்ணும் அழுத்த அளவுகளும் எழுதிய அட்டையைச் சீர்வரிசையோடு எடுத்துச் செல்லவேண்டும். போன வாரத்திலேயே அங்குள்ள நிலையத்தில் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். அட்டையைப் பீரோவில் பூட்டிவிட்டு வளையலை மட்டும் அணிந்து செல்பவர்களே அதிகம்.

அந்தக் காரியதரிசியைச் சமீபத்தில் கண்டோம். துணைவிதித் திருத்தத்திற்கு நகல் எழுதி வைத்திருக்கிறார். வரம்பை ஐயாயிரமாக வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம் என்றோம். திருத்தம் பதிவானபின் அவ்வழியில் வழங்கப்படும் முன்பணத்தின் வவுச்சரில், கேட்ட நேரத்தையும் கொடுத்த நேரத்தையும் குறித்து வைக்குமாறு சொல்லியிருக்கிறோம். அடுத்த தணிக்கையில், ஏன் தீர்மானத்திற்கு முன் கொடுத்தீர் என்ற கேள்வி நம்மிடமிருந்து வராது. இரண்டு நேரங்களுக்கும் இடையே அதிக இடைவெளி இருந்தால், ஏன் என்று கேட்போம்.