தண்ணி ஊத்தினது தப்பா பாஸ்?

மெட்டலர்ஜி பேப்பர்ல 'கிரெய்ன் ஸ்ட்ரக்சர்'னு பார்த்ததும் சாய்ஸ்ல விட்ட கோஷ்டியா நீங்க? நானும்தான். அதுக்கான பனிஷ்மென்ட், லீவுக்கு எங்க ஊர் தேவதானம் போனப்போ கிடைச்சது.

மழை பெய்து, ஈரம் காயறதுக்குள்ள உழுதாகணும். அந்த நேரம் பார்த்து டிராக்டர் கலப்பையோட ஒரு கால் உடைஞ்சது. பட்டறை அண்ணாச்சி வெல்டிங் வெச்சுட்டு, "தானா ஆறட்டும் தம்பி"னு டீ குடிக்கப் போனார். இன்ஜினீயர் சும்மா இருப்பாரா? ஒரு வாளித் தண்ணியை ஊத்தினேன். மறுநாள் நாலாவது சால்லயே டமார்! வேடிக்கை என்னன்னா, வெல்டிங் வெச்ச இடம் ஸ்ட்ராங்கா இருந்தது. உடைஞ்சது அதை ஒட்டின இடம்!

ஏன்? இரும்பு முழுக்கப் பொடிப்பொடி கிரெய்ன்கள், அரிசியை அழுத்தி வெச்ச மாதிரி. வெல்டிங் சூட்டில், உருகாத பக்கத்து இரும்புலயும் கிரெய்ன்கள் பெருத்துடும். கலப்பை எஃகில் கார்பன் ஜாஸ்தி. சூட்டோட தண்ணி பட்டா, கார்பன் வெளியேற நேரமில்லாம உள்ளேயே மாட்டிக்கும். 'மார்ட்டென்சைட்' ரெடி! ரொம்பக் கடினம், ஆனா படக்குனு உடையும்.

கலப்பைன்னா ஒரு நாள் உழவோட போச்சு. கல்பாக்கம் அதிவேக ஈனுலைன்னா? அதோட நீராவி ஜெனரேட்டர்களுக்கு 9 சதவிகிதம் குரோமியம், 1 சதவிகிதம் மாலிப்டினம் கலந்த எஃகு. கொஞ்சூண்டு வனேடியம், நியோபியமும் உண்டு. இதுங்க உண்டாக்கற நுண்துகள்கள் கிரெய்ன் எல்லைகளை ஆணியடிச்ச மாதிரி பிடிச்சுக்கும். ஆனா இங்கே வில்லன் வேற. வெல்டிங் சூடு பட்ட பகுதியோட வெளி ஓரத்தில் கிரெய்ன் ரொம்பச் சின்னதாகிடும். சாதாரண சூட்டில் அது பலம்தான். வருஷக்கணக்கா கடும் சூட்டில் இழுபட்டா, முதல்ல விட்டுக்கொடுக்கறது அந்த இடம்தான். பேரு 'டைப் ஃபோர்' விரிசல்.

இதுக்கு கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் ஆய்வில் கண்ட வைத்தியம்... நைட்ரஜனைக் கட்டுப்படுத்தி, 0.01 சதவிகிதம் போரான்! சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி. அந்தத் துளி போரான், எல்லையில் காவல் நிற்கிற துகள்கள் பெருத்துப் போகாம பார்த்துக்குது. தாங்கும் சக்தி கூடுது.

நம்ம கலப்பை என்னாச்சு? அண்ணாச்சி இரும்பை முதல்ல சூடாக்கி, வெல்டிங் வெச்சு, சாம்பல்ல புதைச்சார். அப்புறம் மெதுவா கேட்டார்: "தம்பி எந்த இயர்?"

"தேர்டு இயர் அண்ணாச்சி..."

வாளியை எடுத்து உள்ளே வெச்சுட்டார்!